பழைய சன் மிஷினை எழுப்பிக் கொடுத்த ஜெலுத்தோங் ரிப்பேர் கடை

ஜெலுத்தோங் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு சின்னக் கடை. டிவி, ரேடியோ, அம்ப்ளிஃபையர் ரிப்பேர் என்று மலாயில் மட்டும் போர்டு மாட்டியிருக்கும். கடைக்குப் பெயர் என்று எதுவும் அதில் இல்லை, அதனால் நானும் எழுத முடியவில்லை. பினாங்கில் யாராவது யூனிக்ஸ் ஓஎஸ் ஓடும் பழைய மிஷினை வைத்துக்கொண்டு தவித்தால் தாராளமாக அங்கே கொண்டு போகலாம். அவசர வேலை என்றால் மட்டும் வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

நான் கொண்டு போனது ஒரு ஸ்பார்க்ஸ்டேஷன் 5. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி 1994-ல் விட்ட வொர்க்ஸ்டேஷன் மாடல். பீட்சா டப்பா மாதிரி தட்டையான பெட்டி, உள்ளே மைக்ரோஸ்பார்க் 2 சிப் 85 மெகாஹெர்ட்ஸில், 64 எம்பி மெமரி. பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போகவிருந்ததை எடுத்து வந்தேன். இந்த ஊரில் இப்படிக் கிடைப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. 1972-லிருந்து இங்கே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் நடக்கின்றன, சிப்பை டெஸ்ட் பண்ணும் பெரிய மிஷின்களை சன் வொர்க்ஸ்டேஷன்கள் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு காலம் உண்டு. உற்பத்தி லைனை மாற்றும்போது டெஸ்டர் ஒரு பக்கம் போகும், இந்தப் பெட்டி இன்னொரு பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் சந்தையில் பொறுமையாகத் தேடினால் இதன் கீபோர்டோ மவுஸோ கூடச் சில சமயம் கண்ணில் படும்.

பவர் போட்டால் மிஷின் உயிரோடுதான் இருந்தது. ஆனால் ஐடிபிராம் (மிஷினின் அடையாளம்) தகவல் செல்லாது என்று ஒரு வரி, ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப்எஃப், எஃப்எஃப் என்று இன்னொரு வரி, அப்புறம் ஆர்ப், ரார்ப் பேக்கெட்டுக்காகக் காத்திருந்து டைம்அவுட் ஆனது என்று முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் காட்டினேன், பையன் திரையைப் பார்த்துவிட்டு "ஹார்ட் டிஸ்க் போச்சு, தூக்கிப் போடுங்க" என்றான். அவன் பிறப்பதற்கு முன்னால் செய்த மிஷின், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

ஜெலுத்தோங் கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர், தொழிற்சாலையில் டெஸ்ட் டெக்னீஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெட்டியைத் திறக்கவே இல்லை. சீரியல் போர்ட்டில் ஒரு லேப்டாப்பை மாட்டினார். கீபோர்டு மாட்டாத சன் மிஷின் தானாகவே சீரியல் பக்கம் பேசும், 9600 வேகம். அந்த டைம்அவுட் வரி வந்ததும் சிரித்துவிட்டார். "டிஸ்க் சாகல தம்பி. இது இன்னும் டிஸ்க்க எட்டியே பாக்கல."

விஷயம் இதுதான். இந்த மிஷினில் செட்டிங் எல்லாம் எம்48டி08 என்ற ஒரு சிப்பில் இருக்கிறது. கடிகாரம், மிஷினின் அடையாள எண், ஈதர்நெட் முகவரி, எந்தச் சாதனத்திலிருந்து பூட் ஆக (எழுந்து ஓட) வேண்டும் என்பது, எல்லாம் அதற்குள். பேட்டரியும் அந்தச் சிப்பின் தலைக்குள்ளேயே வைத்து மூடப்பட்டிருக்கும், கழற்றி மாற்ற வழி இல்லை. பேட்டரி செத்தால் செட்டிங் குப்பை ஆகிவிடும். உடனே மிஷின் டயக்னாஸ்டிக், அதாவது சோதனை மோடில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், அந்த மோடில் அது டிஸ்க்கை விட்டுவிட்டு நெட்வொர்க்கில் பூட் பண்ணப் பார்க்கும். "என் ஈதர்நெட் முகவரி இது, என் ஐபி என்ன?" என்று நெட்வொர்க்கில் கத்துவதுதான் ரார்ப். பதில் சொல்ல வீட்டில் எந்த சர்வரும் கிடையாது. ஆக டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாத ஒரு திரையைப் பார்த்து டிஸ்க் போச்சு என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இந்தக் கடைக்கு நான் மார்க் போடுவது முதலில் இதற்காகத்தான்: பூட் எந்தப் படியில் நின்றது என்று பார்த்துவிட்டுத்தான் அவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார்.

சிப்பின் ஒரு ஓரத்தை அரத்தால் தேய்த்து, செத்த செல்லின் இணைப்பைத் துண்டித்து, மேலே சிஆர்2032 பட்டன் செல் போடும் ஹோல்டரைப் பற்றவைத்தார். பார்க்க அழகாக இல்லை, பசை வழிந்திருக்கிறது. அப்புறம் மிஷின் ஓகே என்று காட்டிக் கட்டளைக்குக் காத்து நிற்கும் இடத்தில் உட்கார்ந்து அடையாள எண்ணை ஒவ்வொரு பைட்டாக எழுதினார். அந்த ஓகே சாதாரண மெனு இல்லை, ஃபோர்த் என்ற முழு புரோகிராம் மொழியே அதற்குள் ஓடுகிறது. 2 3 கூட்டல்குறி புள்ளி என்று அடித்தால் 5 என்று பதில் வரும், எனக்கு அடித்துக் காட்டினார். ஈதர்நெட் முகவரிக்கு அவர் கற்பனையாக எதையும் போடவில்லை. சிப்பின் மேல் ஒட்டியிருந்த பார்கோடு ஸ்டிக்கரில் கடைசி மூன்று பைட் இருந்தது, முன்னால் சன்னுக்கே உரிய 8:0:20 சேர்த்து அசல் முகவரியையே திரும்பக் கொடுத்தார். அந்தக் காலத்து சாஃப்ட்வேர் லைசென்ஸ் பல இந்த அடையாள எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கும். லைனில் இது மாறினால் டெஸ்ட் புரோகிராம் திறக்காது, சூப்பர்வைசர் வந்து நிற்பார், அந்தப் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை போல.

அதற்கப்புறம்தான் டிஸ்க். பூட் டிஸ்க் என்று அடித்ததும் பழைய ஹார்ட் டிஸ்க் ஊளையிட்டுக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது, திரையில் அந்தச் சின்னக் கோடு சுழன்றது, பாதியில் நின்றது, ரீட் எரர். இங்கேதான் அண்ணன் ஒரு வாத்தியார் ஆகிவிட்டார், நானும் தடுக்கவில்லை.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட், அதில் இருப்பது லேபிள், எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு. அதற்கு அடுத்த 15 செக்டர் பூட் பிளாக்குக்கு. மொத்தம் 8192 பைட், ஃபைல் சிஸ்டம் அந்த இடத்தைத் தொடாது, தன் வேலையை அதற்கு அப்புறம்தான் தொடங்கும். மிஷினை முதலில் எழுப்பும் பிராம் சிப்புக்கு ஃபைல் என்றால் என்ன, டைரக்டரி என்றால் என்ன என்று எதுவும் தெரியாது, அந்த 15 செக்டரை மெமரியில் ஏற்றி அதன் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். ஏழரை கேபிக்குள் ஓஎஸ்ஸின் மையமான கெர்னலை முழுசாக ஏற்றும் அறிவை அடைக்க முடியாது, அதனால் பூட் பிளாக் இன்னொரு பெரிய புரோகிராமைத் தேடி எடுக்கும். சன்னின் சொந்த ஓஎஸ்ஸான சோலாரிஸில் அதன் பெயர் யூஎஃப்எஸ்பூட், அந்தச் சுழலும் கோடு அதன் வேலை. கோடு சுழன்றது என்றால் லேபிளும் நல்லது, பூட் பிளாக்கும் நல்லது, இரண்டாவது புரோகிராமும் ஏறிவிட்டது, கெர்னல் இருக்கும் இடத்தில்தான் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. ஒரு கோடு எங்கே நின்றது என்பதை வைத்து இவ்வளவையும் சொன்ன ஒரு ரிப்பேர்காரரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

டிஸ்க்கிற்குப் பதிலாக ப்ளூஸ்கசி போர்டு போட்டார். எஸ்டி கார்டை ஸ்கசி (அந்தக் காலத்து டிஸ்க் இணைப்பு முறை) டிஸ்க் மாதிரி காட்டும் போர்டு. அசல் டிஸ்க் உட்காரும் இடம் 80 பின், இந்தப் போர்டு 50 பின், அதனால் சிடி டிரைவுக்குப் போகும் ஒயரில் மாட்டிவிட்டார். கார்டில் டிஸ்க்காக நிற்கும் ஃபைலுக்கு வைக்கும் பெயரிலேயே அதன் ஐடி எண் இருக்கும், எச்டி30 என்று வைத்தால் அது மூன்றாம் எண் டிஸ்க். சன்னின் பழக்கத்தில் முதல் டிஸ்க் சைபரில் இருக்காது, மூன்றில் இருக்கும். வேறு கம்ப்யூட்டரில் பழகியவர்கள் சைபரில் வைத்துவிட்டு முழிப்பார்கள். சிடியின் முழு நகலையும் (இமேஜ்) அதே கார்டில் ஆறாம் எண்ணில் வைத்தார். சன் மிஷின் சிடியை 512 பைட் பிளாக்காகப் படிக்க எதிர்பார்க்கும், வழக்கமான 2048-ல் இருந்தால் பூட் ஆகாது, அதையும் ஃபைல் பெயரிலேயே சொல்லிவிடலாம்.

எந்த ஓஎஸ் என்பதில் எங்களுக்குள் சண்டை. அவருக்கு சோலாரிஸ் வேண்டும், இந்த மாடலுக்குக் கடைசியாக ஓடுவது சோலாரிஸ் 9. எனக்கு நெட்பிஎஸ்டி என்ற இலவச யூனிக்ஸ் வகை வேண்டும், 2024-ல் வந்த 10-ம் பதிப்பு வரை இந்த வகை மிஷினை அவர்கள் கைவிடவில்லை. காசு கொடுப்பது நான், நெட்பிஎஸ்டிதான் போட்டோம். அதில் படி கொஞ்சம் வேறு. பூட் பிளாக்கிற்கு அடுத்த புரோகிராமின் பெயர் பூட், ரூட்டிலேயே இருக்கும். அது டிஸ்க்கில் எந்தெந்தப் பிளாக்கில் கிடக்கிறது என்ற பட்டியலை இன்ஸ்டால்பூட் என்ற கருவி முன்கூட்டியே பூட் பிளாக்குக்குள் எழுதி வைத்துவிடுகிறது. அந்த ஃபைலைப் புதுசாகக் காப்பி பண்ணிவிட்டு இன்ஸ்டால்பூட் ஓட்ட மறந்தால் பட்டியல் பழசாகிவிடும், அடுத்த தடவை மிஷின் எழாது. இதை ஒரு காகிதத்தில் எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். நல்ல ரிப்பேர்காரருக்கு இது போதாதா?

இப்போது எப்படி ஓடுகிறது என்றால், கெர்னல் ஏறியதும் ஈஎஸ்பி ஸ்கசி, எல்ஈ ஈதர்நெட் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும், ரூட் எஸ்டி0ஏ-வில் என்று ஒரு வரி, அப்புறம் மற்றதையெல்லாம் தொடங்கி வைக்கும் இனிட், ஆர்சி ஸ்கிரிப்ட், கடைசியில் லாகின். முதல் பூட்டில் எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக உள்ளே நுழையும் முறை) சாவிகளை உருவாக்க இந்தச் சிப் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே, வெளியே போய்த் தே தாரிக் குடித்து, நாசி கண்டார் தின்று, திரும்பி வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு பரவாயில்லை. 64 எம்பி மெமரிக்குப் புது நெட்பிஎஸ்டி கொஞ்சம் இறுக்கம்தான், இந்தப் பெட்டி 256 வரை தாங்கும், பழைய சாமான் கிடைத்தால் போட வேண்டும்.

குறைகளும் உண்டு, நிறையவே. ஃபோன் எடுக்க மாட்டார். வேலை முடியும் தேதி என்று ஒன்று சொல்வார், அதை நம்பி யாரும் போக வேண்டாம், நடுவில் யாராவது கோயில் திருவிழாவுக்கு அம்ப்ளிஃபையரைக் கொண்டு வந்துவிட்டால் உங்கள் மிஷின் மேசைக்குக் கீழே போய்விடும். ரசீது கிடையாது. திரும்பி வந்தபோது பின்பக்க மூடியில் ஒரு ஸ்க்ரூவைக் காணவில்லை, கேட்டதற்கு "அது ஏற்கனவே இல்ல" என்றார். இருந்தது. கடைக்குள் தூசி, மின்விசிறி நேராகத் திறந்து கிடக்கும் போர்டுகள் மேல் வீசுகிறது, பார்க்கவே மனசு பதறும்.

கூலி 180 ரிங்கிட் வாங்கினார், ப்ளூஸ்கசி போர்டுக்கும் கார்டுக்கும் வாங்கிய விலையே. சிப்புக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. இவ்வளவு வேலைக்கு இது மிகக் குறைவு என்பது என் எண்ணம், கோலாலம்பூரில் இதற்கு யாரிடம் போவது என்றுகூடத் தெரியவில்லை.

போகிறவர்கள் சன் மானிட்டருக்கான 13டபிள்யூ3 கேபிளையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், அவரிடம் 25 பின் சீரியல் கேபிள் இருக்கிறது, அது போதும். பழைய டிஸ்க்கைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், தொழிற்சாலையிலிருந்து வந்ததில் என்ன இருக்குமோ தெரியாது, அதை அவர் அலமாரியில் விட்டுவர எனக்கு மனசு வரவில்லை. காலை பதினோரு மணிக்கு முன்னால் ஷட்டர் மூடித்தான் இருக்கும். கார் நிறுத்த இடம் இல்லை, மோட்டார் சைக்கிளில் போவதுதான் நல்லது, பெட்டியை மடியில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.