மேயாப்பிள் ஜாம்: ருசிக்கு முழு மார்க், லேபிளுக்கு இல்லை

அமெரிக்கச் சாமான்கள் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் 22 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கிய சின்ன பாட்டில் இது. ஜாமுக்கு அது பெரிய விலைதான், ஆனால் பெயரைப் பார்த்ததும் விட முடியவில்லை. நான் புற்றுநோய் மருந்து கலக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்கள் இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு தொடும் எட்டோபொசைட், 1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, மேயாப்பிள் இனச் செடிகளின் வேர்க்கிழங்கில் இருக்கும் பொடோஃபில்லோடாக்சின் என்ற விஷத்தை மாற்றிச் செய்தது. அந்தச் செடியின் பழத்தில் ஜாம் என்றால் ஆசை வராதா?

மூடியைத் திறந்ததுமே மணம் ஆளைத் தூக்கியது. முதலில் பேஷன் ஃப்ரூட், அப்புறம் அன்னாசி, கடைசியில் நாக்கில் கொய்யா. தேன் நிறம், அளவான இனிப்பு. காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் இதைப் போட்டு கோப்பி ஓவோடு, அதாவது பால் சேர்க்காத காப்பியோடு, சாப்பிட்டேன், அவ்வளவு நன்றாக இருந்தது.

விலையிலும் நியாயம் உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் குடை விரித்த மாதிரி இலையோடு நிற்கும் செடி இது. ஒற்றை இலைச் செடி பூக்காது, இரண்டு இலை விட்டால்தான் கவட்டில் ஒரே ஒரு வெள்ளைப் பூ, அதிலிருந்து ஒரே ஒரு பழம். மே மாதம் பூப்பதால்தான் அந்தப் பெயர், பழம் பழுக்க ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும், அதற்குள் ஆமையும் மற்ற பிராணிகளும் முந்திக்கொள்ளும்.

மூன்றாம் நாள்தான் பிரச்சினை. பல்லில் ஏதோ கடினமாகத் தட்டியது, துப்பி வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் இரண்டு விதை! இந்தப் பழத்தில் மஞ்சளாகப் பழுத்து மெத்தென்று ஆன சதையை மட்டும்தான் சாப்பிடலாம். காய், இலை, தண்டு, விதை, வேர் எல்லாமே விஷம். லேபிளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, பழம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான்.

போர் சமயத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மரவள்ளி தின்றே வளர்ந்தவர் என் பாட்டி. அதன் விஷம் போகத் தோலை உரி, நன்றாக வேகவை, அந்தத் தண்ணீரைக் கொட்டு என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே பழக்கினார். அந்தக் காட்டுப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கும் மேயாப்பிளைப் பற்றி அப்படிச் சொல்ல யாராவது இருப்பார்கள். சிங்கப்பூரில் ஈசூனில் உட்கார்ந்து பாட்டிலைத் திறக்கிற எனக்கு லேபிளை விட்டால் சொல்ல ஆளில்லை.

கடைக்கு எழுதினேன். ஒன்றிரண்டு விதையால் ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தது, எனக்குக் கோபம்தான் வந்தது. படத்தோடு திரும்ப எழுதிய பிறகு வேறு பாட்டில் அனுப்பினார்கள். அதைக் கரண்டி கரண்டியாக வடிகட்டியில் தேய்த்துப் பார்த்தேன், விதை இல்லை. லேபிள் மட்டும் அதேதான். தம்பி மனைவி மாசமாக இருக்கிறாள், ஆசையாகக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.

வாங்குவதானால் விதை நீக்கியதா என்று முதலில் எழுதிக் கேளுங்கள், வந்ததும் நீங்களும் வடிகட்டிப் பாருங்கள். அப்புறம் ஒன்று, அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் ஜாமுக்குக் கீழேயே இதன் வேர்ப்பொடியையும் மூலிகை என்று போட்டு விற்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.