வளைகாப்புக்குப் போன இடத்தில்

அக்கா மகளின் வளைகாப்புக்காகச் சிங்கப்பூரிலிருந்து அம்பாசமுத்திரம் போயிருந்தேன். தாய்மாமன் சீருக்கு நெல்லை டவுன் ரத வீதியில் வளையல் வாங்கிய மறுநாள், 33ஆம் வார ஸ்கேன். குழந்தைக்கு எடை குறைவு. தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரில் 'எண்ட் டயஸ்டாலிக்' ஓட்டம் இல்லை. இந்த இரண்டு வரியை உறையில் போட்டுத் தந்து பணத்தை வாங்கிக்கொண்டார்கள். இன்றே டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அதைப் படித்ததும் 108 ஆம்புலன்ஸில் ஏற்றி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே டாக்டரம்மா ஆபரேஷன்தான் என்றார். "தலைப்பிள்ளை. சுகப்பிரசவத்துக்குப் பொறுத்துப் பார்க்கலாமே அம்மா" என்று அக்கா கெஞ்சினாள். அந்த டாக்டர் எரிந்து விழவில்லை. ஒரு தாளில் அலை அலையாய் வரைந்து காட்டினார். குழந்தையின் இதயம் துடிக்கும்போது மட்டுமல்ல, இரு துடிப்புகளுக்கு இடையிலும் ரத்தம் நஞ்சுக்கொடிக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இவளுக்கு அந்த இடைவெளியில் நின்றுவிடுகிறது. பிரசவ வலியில் கருப்பை இறுகும்போதெல்லாம் தாயிடமிருந்து நஞ்சுக்கொடிக்கு வரும் ரத்தம் சற்றுக் குறையும். திடமான குழந்தை அதைத் தாங்கும், ஏற்கெனவே தவிக்கும் குழந்தை மூச்சுத் திணறிப்போகலாம். அதனால்தான் ஆபரேஷன். ஓட்டம் குறைந்திருந்தாலும் நிற்காமல் இருந்தால், மாதம் நிறையவிட்டு, வலியை வரவழைத்து, இதயத் துடிப்பை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே சுகப்பிரசவத்துக்கு முயலலாமாம். ரத்தம் பின்னோக்கி ஓடினால் இன்னும் அவசரம்.

பத்து நிமிடம்தான் பேசினார். கத்திக்கு ஆசைப்படும் டாக்டர்கள் என்று வழியெல்லாம் புலம்பிவந்த அக்கா, தானே மகளிடம் பேனாவை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

குழந்தையின் நுரையீரல் முதிர 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசிகள். அதுவரை துடிப்பை அடிக்கடி பதிவு செய்தார்கள். அந்த இரண்டு இரவும் நாங்கள் யாரும் தூங்கவில்லை. பிறகு ஆபரேஷன். பெண் குழந்தை, 1,480 கிராம். அழுதாள்! வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ரிப்போர்ட் வந்தால், ஓட்டம் குறைவா, நின்றுவிட்டதா, பின்னோக்கிப் போகிறதா என்று அங்கேயே கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அன்றே மகப்பேறு டாக்டரிடம் போங்கள்.

குழந்தை பிறந்த பத்தாம் நாள் நான் கிளம்பியபோது, பிறந்த எடையை அவள் மறுபடி எட்டியிருந்தாள். மருமகள் அவளை நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மெல்லிய தோலில் கீறிவிடும் என்பதால், கண்ணாடி வளையல்கள் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கின்றன.