ஓம் சொல்லுறதுக்கு முதல்: ஆப்ட்-லிஸ்ட்பக்ஸோடு இரண்டு வருசத்துக்கு மேல்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் வைத்திருக்கிறேன். இரண்டு கணினி, ஒரு போட்டோக்கொப்பி மெசின். பிள்ளைகளின் ஒப்படை, விண்ணப்பப் படிவம், பாமினியில் அடித்த கடிதம், மரண அறிவித்தல். இவ்வளவுதான் தொழில்.

முந்தி வேறொரு சிஸ்டம் ஓடியது. பெயர் வேண்டாம். ஒருநாள் விடிய அது தன்பாட்டில் அப்டேட் ஆகி எழும்பிச்சுது, பிரின்டரைக் காணவில்லை. அன்றைக்குப் பார்த்து ஒரு ஐயா தமையனின் மரண அறிவித்தல் அடிக்க வந்து நிற்கிறார். பின்னேரம் இரண்டு மணிக்குத் தகனம். கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பரந்தனுக்கு மோட்டார்சைக்கிளில் ஓடினேன். வரப்போகுது என்று ஒரு சொல் முதலே சொல்லியிருந்தால் இரவே நிப்பாட்டியிருப்பேன்.

2023இல் டெபியன் 12 (இலவச லினக்ஸ் சிஸ்டம்) வந்த கையோடு இரண்டு கணினியையும் அதற்கு மாற்றி, ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்ற சின்ன எச்சரிக்கை மென்பொருளையும் போட்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொதிகளை (மென்பொருள்களை) நிறுவுவதற்குச் சற்று முன்னர், டெபியனின் வழு (bug) பதிவேட்டில் அந்தப் பதிப்புகளைப் பற்றிப் பாரதூரமான முறைப்பாடு இருக்கா என்று பார்க்கும். இருந்தால் வழு எண்ணோடும் ஒருவரி விளக்கத்தோடும் நிறுத்தி, தொடரவா என்று கேட்கும். விரும்பினால் அந்தப் பொதியை மட்டும் பிடித்து வைக்கலாம். வழு திருந்தியபிறகு பிடியைத் தானே விட்டுவிடும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

காசுக்குப் பெறுமதி என்று நம்பவைத்தது அந்த வருசம் டிசம்பர் (காசு கொடுக்கவில்லை என்பது வேறு கதை). டெபியன் 12.3 வெளியீட்டோடு வந்த 6.1.64 கேர்னலில் (சிஸ்டத்தின் மையப்பகுதி), வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைத்திருக்கும் ஈஎக்ஸ்ரி4 கோப்புமுறையைப் பழுதாக்கும் வழு இருந்தது. வழு எண் 1057843. வெளியே அடைமழை, கடையில் சனமில்லை, அப்டேட் போடுவம் என்று இருந்தேன். திரையில் அந்த எண் வந்து நின்றது. நிறுத்திவிட்டு தேத்தண்ணி குடித்தேன். டெபியன்காரர் 12.3இன் நிறுவல் வட்டுகளை வெளியிடாமலே விட்டு, டிசம்பர் 10ஆம் திகதி 6.1.66 கேர்னலோடு 12.4ஐ வெளியிட்டார்கள். கடையில் இருப்பது ஊர்ச்சனத்தின் ஆவணங்கள், யோசித்துப் பாருங்கள்.

இனி குறை. யாரோ முதலில் அடிபட்டு முறையிட்டால்தான் இதுக்குத் தெரியும். வீட்டு லப்டொப்பில் டெபியன் டெஸ்ட்டிங் (அடுத்த வெளியீட்டுக்கான பரிசோதனைப் பதிப்பு) ஓடுது. அதற்குள் எக்ஸ்இசட் 5.6 (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்), களவாய் உள்ளுக்கு வர ஒளித்துவைத்த பின்கதவோடு நுழைந்தபோது இது மூச்சுக்கூட விடவில்லை. எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் நுழையும் வழி) அரைச் செக்கன் பிந்துதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கிண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29இல் சொன்னதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் தெரியும். டேட்டா முடிந்தால் பதிவேட்டை எட்டமுடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். 2025 ஓகஸ்ட்டில் டெபியன் 13க்கு மாறினபோது பட்டியல் இரண்டு திரைக்கு நீண்டது. முக்கால்வாசி எனக்குச் சம்பந்தமில்லாதது. உபுண்டு, மின்ட் என்ற மற்ற லினக்ஸ்களைப் பாவிக்கிறவர்கள் இதை நம்பவேண்டாம், அவர்களின் பதிவேடு வேறு.

பெரிய கோபம் ஒன்று இருக்கு. தொடரவா என்று கேட்கும்போது Y என்றால் ஓம், N என்றால் இல்லை; வெறும் என்டரை அமத்தினால் அது 'ஓம்' என்று எடுத்துக்கொள்ளும். எச்சரிக்க வந்தது எதற்கு, 'இல்லை' என்றல்லோ எடுக்கவேணும்! கடையில் நிற்கிற தங்கச்சி ஒருநாள் போன் எடுத்தாள்.

"அண்ணை, இங்கிலீசில ஏதோ கேக்குது. என்டர் குடுக்கட்டோ?"

"பொறு பொறு, கை வைக்காதை!"

இப்போது மொனிட்டரின் ஓரத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கு: 'Y இல்லை, N. பிறகு எனக்குப் போன் அடி.'