லைசன்ஸ் முடிந்திருந்தால்: காசு கொடுத்து முடிப்பதா, கிளெய்ம் போடுவதா?

சாரதி அனுமதிப்பத்திரம் காலாவதியான ஒருவர் கொழும்பு வீதியில் எதையாவது இடித்துவிட்டால், கூடி நிற்பவர்களிடமிருந்து மூன்று ஆலோசனைகள் வரும். "கையில காசக் குடுத்து முடிச்சிட்டுப் போங்கோ" என்பார் ஒருவர். "இன்சூரன்ஸுக்கு அடியுங்கோ, வந்து பார்க்கட்டும்" என்பார் இன்னொருவர். கொஞ்சம் தள்ளி நிற்கும் மூன்றாமவர் காதருகே வந்து, "லைசன்ஸ் இருக்கிற ஆரையாவது கூப்பிட்டு, அவர்தான் ஓடினது எண்டு சொல்லுங்கோ" என்பார்.

எங்கள் விஷயத்தில் கார் என் பெயரில், ஓட்டியது மச்சான். வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு ஏறும்போது ஓட்டோ ஒன்றின் பக்கத்தில் இடித்துவிட்டார். அவருடைய அனுமதிப்பத்திரம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. உள்ளதைச் சொல்லிக் காப்புறுதிக் கம்பனியிடம் கிளெய்ம் போட்டோம். ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். அட்டை உண்மையிலேயே காலாவதியானதுதானா என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். இலகு வாகனங்களுக்கு 8 வருடம், கனரக வாகனங்களுக்கு 4 வருடம் என்பதால், லொறிக்கான பிரிவு முடிந்து காருக்கான பிரிவு செல்லுபடியாக இருக்கலாம். அதேபோல, தண்டப்பணத்துக்காகப் பொலிஸ் அட்டையை வாங்கி வைத்திருந்தால் அதுவும் வேறு கதை; அவர்கள் எழுதித் தரும் தண்டப் பத்திரம் 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதியாகச் செல்லும்.

ஆளை மாற்றிச் சொல்வதை ஒரு பந்தியில் முடித்துவிடுகிறேன். அது மோசடி. சேதத்தை மதிப்பிடக் காப்புறுதிக் கம்பனி அனுப்பும் அசெஸர் படம் எடுக்கிறார், பக்கத்துக் கடையில் கமெரா இருக்கிறது, இடிபட்டவர் ஓட்டியவரின் முகத்தைப் பார்த்திருக்கிறார். பொய் பிடிபட்டால், லைசன்ஸ் பற்றி வாதாட இருந்த இடமும் போய்விடும். முழுக் கிளெய்மையும் நிராகரிக்க அவர்களுக்கு அதுவே போதும். பொலிஸ் வாக்குமூலத்திலும் அதையே சொன்னால் அது தனிக் குற்றம். வாகனத்தை லைசன்ஸ் முடிந்தவரிடம் ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்கும் சட்டத்தில் பொறுப்பு உண்டு என்ற பயத்தில்தான் பலர் இந்த வழிக்குப் போகிறார்கள். சின்னச் சிக்கலிலிருந்து தப்பப் பெரிய சிக்கலுக்குள் இறங்குகிற வேலை அது.

சரி, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

காசு கொடுத்து முடிப்பதன் நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. அரை மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போகலாம். கிளெய்ம் போடாதவர்களுக்குக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவான நோ கிளெய்ம் போனஸ் தப்பும். லைசன்ஸ் விஷயம் பொலிஸ் வரை போகாது. உங்கள் காருக்குப் பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய ஹெட்லைட் பார்த்து வாங்கி, தெரிந்த கராஜில் டின்கரிங் செய்து முடிக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற காலத்தில் பாகங்களின் விலை ஏறிப்போனாலும், சின்ன இடிகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் சரிவரும்.

எனக்கு இதில் பிடிக்காதது, கொடுத்த காசு எதை முடிக்கிறது என்பதுதான். ஓட்டோ சாரதியின் கையில் நீங்கள் வைத்த பணம் ஓட்டோவின் கதவுக்கானது. ஓட்டோ அவருடையதா? கொழும்பில் ஓடும் பல ஓட்டோக்கள் வாடகைக்கோ லீசிங்கிலோ ஓடுபவை. உரிமையாளர் நாளை வந்து "எனக்கு ஒன்றும் தரவில்லையே" என்றால்? பின் சீட்டில் இருந்த பயணி? சாரதி போட்ட கையெழுத்து பயணியைக் கட்டுப்படுத்தாது. இழப்பீடு கேட்டு வழக்குப் போட நம் நாட்டில் இரண்டு வருடம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று விதித்த எல்லை அது. வீதியோரத்தில் அரை மணித்தியாலத்தில் "முடிந்த" விஷயத்துக்கு இரண்டு வருட வால் இருக்கிறது.

எங்களுக்கு அந்த வால் அசைந்தது. ஓட்டோவில் ஒரு வயதான அம்மா இருந்தார். அன்று "ஒண்டும் இல்லைத் தம்பி" என்று சொல்லி வேறு ஓட்டோ பிடித்துப் போனவர்தான். கிழமைகள் கழித்து மகன் தொலைபேசியில் கதைத்தார். அம்மாவின் முழங்கால் வீங்கியிருக்கிறது, ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வயதில் வலி பிந்தித்தான் தெரியும். எங்களிடம் கிளெய்ம் இலக்கம் இருந்தது, பொலிஸ் பதிவு இருந்தது. இரண்டையும் கொடுத்து, காப்புறுதிக் கம்பனியோடு கதைக்கச் சொன்னோம். அன்று காசு கொடுத்து அனுப்பியிருந்தால், அந்த அழைப்புக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் கவனிக்காத ஒரு நிபந்தனை வருகிறது. பர்ஸில் வைத்திருக்கும் காப்புறுதி அட்டையில் அது இருக்காது. பொலிசிப் புத்தகத்தில், அதாவது முழுக் காப்புறுதி ஒப்பந்தத்தில் இருக்கும். கம்பனியின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் பிழையை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ, கொடுக்கவோ கூடாது என்பது வழக்கமான நிபந்தனை. விபத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்பது அதனோடு சேர்ந்து வருவது. அதாவது, லைசன்ஸ் முடிந்திருந்தது என்ற குறையோடு, வாதாட இடமே இல்லாத இன்னும் இரண்டு குறைகளைக் காசு கொடுப்பவர் தானே சேர்த்துவிடுகிறார். பிறகு கோரிக்கைக் கடிதம் வந்து, அதைத் தூக்கிக்கொண்டு கம்பனிக்குப் போனால், அவர்கள் லைசன்ஸ் பக்கமே திரும்பத் தேவையில்லை.

லைசன்ஸ் குறையில் மட்டும் வாதாட இடம் இருக்கிறதா? பொலிசியைப் பொறுத்தது. யார் ஓட்டலாம் என்று சொல்லும் பிரிவு இரண்டு விதமாக எழுதப்படுவதுண்டு. ஒன்றில், ஓட்டும்போது செல்லுபடியான அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் இருக்கும். அப்படியென்றால் உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம், உண்மையைச் சொல்கிறேன். பிரித்தானிய வழியில் வந்த பழைய பொலிசிகளில், அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அல்லது முன்பு வைத்திருந்தவர், அதைப் பெறத் தடை செய்யப்படாதவர் என்று இருக்கும். ஓட்டவே தெரியாதவரையும் நீதிமன்றம் தடை போட்டவரையும் ஒதுக்குவதுதான் அதன் நோக்கம். திகதியைத் தவறவிட்டவர் அந்த வாசகத்துக்குள் வந்துவிடுவார்.

எங்களுடையது இரண்டாவது வகை. தொலைபேசியில் பேசியவர் எடுத்த எடுப்பிலேயே "லைசன்ஸ் இல்லாவிட்டால் கிளெய்ம் இல்லை" என்றார். வாய்ச்சொல்லை ஏற்காமல், அந்தப் பிரிவின் இலக்கத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, முடிவை எழுத்தில் தரும்படி கேட்டோம். இதற்கிடையில் மச்சான் நுகேகொடையில் மருத்துவச் சான்றிதழ் எடுத்து, வெரஹெரவில் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்தார். பிறகு புதுப்பிப்பது விபத்து நடந்த நாளுக்குப் பின்னோக்கிச் செல்லாது. ஆனால் அவருக்குத் தடை எதுவும் இருக்கவில்லை என்பதைக் காட்ட அது நல்ல சான்று. கடைசியில் ஓட்டோவின் திருத்தச் செலவைக் கொடுத்தார்கள். என் காருக்குக் கேட்டதில் ஒரு பகுதிதான் வந்தது, அதுவும் இழுத்தடித்து. போனஸ் போனது. மச்சான் நீதவான் நீதிமன்றத்தில் தண்டம் கட்டினார். காசுக் கணக்கை மட்டும் பார்த்தால் நாங்கள் பெரிதாக வென்றோம் என்று சொல்ல மாட்டேன். என் காருக்கு ஒரு சதமும் தராமல் விட்டிருந்தாலும், அந்த முழங்கால் ஒன்றுக்காகவே இதே வழியைத்தான் எடுத்திருப்பேன்.

இதைப் பற்றித் தமிழில் தேடினால் வருவது பெரும்பாலும் இந்தியச் சட்டம். காலாவதிக்குப் பின் 30 நாள் சலுகை என்று அங்கே முன்பு இருந்ததைப் படித்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று ஒருவர் எனக்கு அடித்துச் சொன்னார். அதை இங்கே கொண்டுவந்து பொலிசில் சொல்லிப் பயனில்லை.

வீதியில் இன்னொரு பொறி இருக்கிறது. லைசன்ஸ் முடிந்தது தெரிந்தவுடன் எதிர்த்தரப்பு, "அப்ப பிழை உங்கட பக்கம்தானே" என்று தொடங்கும். இரண்டும் வேறு வேறு. இடித்தது யாருடைய கவனக்குறைவு என்பது ஒரு கேள்வி. அட்டையின் திகதி இன்னொரு கேள்வி, அதற்கான தண்டம் தனி. சிவப்பு விளக்கில் நின்றவரைப் பின்னால் வந்த வான் இடித்தால், நின்றவரின் அட்டை முடிந்திருந்தாலும் இடித்தவர் வான்காரர்தான். அந்த நிலையில் வான்காரரின் காப்புறுதியிடம் மூன்றாம் தரப்பாகக் கேட்பது தனி வழி. உங்கள் சொந்தப் பொலிசியின் சாரதிப் பிரிவு அங்கே குறுக்கே வராது. பொலிஸ் பதிவு இல்லாமல் அந்த வழியில் போவது வீண் அலைச்சல். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், வாசித்துக் காட்டச் சொல்லி விளங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

பாரதூரமான காயமோ உயிரிழப்போ என்றால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள், அடுத்த அழைப்பு ஒரு சட்டத்தரணிக்கு. மூன்றாம் தரப்பின் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான காப்புறுதியைத்தான் 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்குகிறது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்ததைக் கம்பனி பிறகு உங்களிடம் திருப்பிக் கேட்கக்கூடும். எங்கள் விஷயம் இழப்பீட்டு வழக்கு வரை போகவில்லை என்பதால் அந்தக் கட்டத்தில் என் அனுபவத்தை நம்பாதீர்கள். கார் லீசிங்கில் இருந்தாலும் அப்படியே: முழுச் சேதமாகி கிளெய்மும் நிராகரிக்கப்பட்டால் மாதத் தவணை நிற்காது, ஆகவே லீசிங் கம்பனிக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்தவர்களுக்கு, முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். இரண்டுக்கும் கம்பனியின் முடிவு எழுத்தில் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

காசு கொடுத்து முடிக்கலாம் என்று நானே சொல்லும் இடமும் ஒன்று உண்டு. நின்ற காரின் பம்பரில் கீறல், உள்ளே யாரும் இல்லை, வந்தவர்தான் பதிவு உரிமையாளர். அங்கே ஒரு தாளில் இரு வாகன இலக்கங்கள், அடையாள அட்டை இலக்கங்கள், திகதி, இடம், தொகை, இதற்குமேல் கோரிக்கை இல்லை என்ற ஒரு வரி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, தாளையும் கீறலையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவருக்கு விளங்கும் மொழியில் எழுதுங்கள். அப்புறம் வாகனத்தை அங்கிருந்து லைசன்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு எடுங்கள்.