திருப்பாப்புலியூர் சன்னதித் தெரு: நடைபாதை உயர்த்தலாமா, வண்டியை நிறுத்தலாமா?

பிரதோஷத்தன்று மாலை கடலூர் திருப்பாப்புலியூர் பாடலீஸ்வரர் கோவிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். கையில் வில்வமும் பால் பாக்கெட்டும், முதுகுக்குப் பின்னால் பைக் ஹாரன். ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் பக்கத்திலேயே இருப்பதால் இந்தக் கோவிலுக்கு நடந்து வருபவர்கள்தான் அதிகம். ஆனால் தெருவோ வண்டி ஓட்டுபவர்களுடையது.

முதல் யோசனை எல்லோரும் சொல்வது: இரண்டு பக்கமும் நடைபாதை. சாலைத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்டது, ஓரக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்றது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து 3.6 மீட்டர் போய்விட்டால், கடைத்தெருவில் மிச்சம் என்ன? அந்த மேட்டில் முதல் வாரமே பூக்கூடையும் ஸ்டாண்டு போட்ட பைக்கும் ஏறிவிடும். 15 சென்டிமீட்டரே என் அம்மாவுக்கு மலை. தோளைப் பிடித்து ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த கால்.

இன்னொரு சிக்கல், வைகாசித் தேர். தேருக்குத் தெரு முழு அகலமும் வேண்டும். கெட்டியாகக் கட்டிய மேடோ கம்பித் தடுப்போ வடம் இழுப்பவர் காலைத்தான் இடறும்.

இரண்டாவது, குறிப்பிட்ட நேரத்துக்கு வண்டியே விடாமலிருப்பது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆனால் வண்டி இல்லை, குழந்தைகள் நடுரோட்டில் ஓடுகிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. இங்கே கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சரி, சரக்கு இறக்கக் காலையில் நேரம் கொடுக்கலாம். தெருவை ஒரே மட்டமாக்கி, முனையில் கழற்றி மாட்டும் குட்டைக் கம்பங்கள் நட்டால் தேரன்று பிடுங்கிவிடலாம். செலவும் குறைவு. என் ஓட்டு இதற்குத்தான்.

 

இரண்டாவது வழியிலும் ஒரு ஓட்டை உண்டு. ஆட்டோ முனையோடு நின்றுவிட்டால் முட்டி தேய்ந்தவர்கள் மீதி தூரம் எப்படி வருவது? முதியவர்களை ஏற்றிய ஆட்டோவை மட்டும் உள்ளே விட ஓர் ஆள் வேண்டும், வழியில் இரண்டு திண்ணையாவது வேண்டும். செருப்பு வைக்குமிடத்தை முனைக்கு மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள். சித்திரை மாதம் ஐந்து மணிக்கும் தார் கொதிக்கும்.