இரண்டு மாரி கண்ட சைட் பை சைட் பிரிட்ஜ்

2024 ஆவணியில் திருகோணமலை உப்புவெளி வீட்டுக்கு 580 லீட்டர் சைட் பை சைட் பிரிட்ஜ் ஒன்று, அதாவது ஒரு கதவுக்குள் பிரீசரும் மற்றக் கதவுக்குள் பிரிட்ஜுமாகப் பக்கம் பக்கமாக வருகிற பெட்டி, வாங்கினோம். வீட்டில் ஆறு பேர், கிழமைக்கு இரண்டு தடவை மீன், மாமிக்கு இன்சுலின், பிள்ளைகளுக்கு எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர் என்று பழைய பெட்டி திணறிப் போயிருந்தது. இப்போது இரண்டு மாரியும், வெக்கையோடு கச்சான் காற்று வீசுகிற காலம் ஒன்றும் பார்த்துவிட்டோம், அதனால் தைரியமாக எழுதுகிறேன். பெட்டி நல்ல பெட்டி. நாங்கள் பட்ட கஷ்டத்தில் பெரும்பகுதி பெட்டியால் வந்ததல்ல, எங்கள் குசினி வாசலாலும் தரையாலும் வந்தது. கடையில் இதை யாரும் சொல்லவில்லை.

முதலில் தெரிவு செய்கிற விஷயம். கடையில் எல்லாரும் லீட்டர் கணக்கையே சொல்வார்கள், 580 என்றால் பழைய 260ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் இந்த வகைப் பெட்டியில் பிரீசர் மேலிருந்து கீழ்வரை ஒடுக்கமாகத்தான் வரும். வெளியே 91 சென்ரிமீற்றர் அகலம், உள்ளே பிரீசர் தட்டு எங்களுடையதில் 29 சென்ரிமீற்றர். ஒரு அறக்குளாவை முழுதாக வைக்க முடியாது, பாரை கொஞ்சம் பெரிதென்றால் அதுவும் முடியாது, பெரிய தாம்பாளம் உள்ளே போகாது. இவர் விடியற்காலையில் கரைக்குப் போய் மொத்தமாக மீன் வாங்கி வருகிறவர், முதல் கிழமையே குசினியில் நின்று துண்டு போட்டுப் போட்டுக் களைத்துப் போனேன். பிறகு பழகிவிட்டது. வெட்டிக் கழுவி, ஒரு நேரக் கறிக்கு அளவாகப் பிரித்து, தட்டையான டப்பாக்களில் அடுக்கினால் பிரீசர் நிறையக் கொள்ளும், எது எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும், அடியில் கிடந்து மறந்துபோகிற மீன் என்பதே இல்லை. ஆனாலும் கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டு மீன் டப்பா ஒன்றையும் தயிர்ச்சட்டி ஒன்றையும் கையோடு கொண்டு போய் உள்ளே வைத்துப் பாருங்கள். தம்பலகாமம் தயிர்ச்சட்டி எங்களுக்கு நடுத்தட்டில் இடிக்கிறது, ஒரு தட்டைக் கழற்றி வைத்தபிறகுதான் நிம்மதி.

இன்னொன்றும் பாருங்கள். பெட்டிக்குள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் காலநிலை வகுப்பு என்று ஓரிரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். டி (T) என்றிருந்தால் அறை வெப்பம் 43 பாகை வரை தாங்கும், எஸ்.டி (ST) என்றால் 38 வரை. கச்சான் வீசுகிற நாட்களில் தகரக் கூரைக் குசினி எப்படிக் கொதிக்கும் என்று எங்கள் ஊர்க்காரருக்குத் தெரியும், டி இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். கதவில் தண்ணீர் வருகிற வசதி வேண்டுமென்றால் குழாய் இழுக்கத் தேவையில்லாத, கையால் நிரப்புகிற தொட்டி உள்ளதே எனக்குப் பிடித்தது. கிழமைக்கு ஒருதரம் கழற்றிக் கழுவினால் போதும்.

வீட்டுக்குள் கொண்டுவந்த கதை வேறு. லொறியில் வந்து இறங்கியபிறகுதான் அளந்தோம், அதுதான் பிழை. முன்வாசல் போதும், குசினி வாசல் இரண்டரை அடி, அதாவது 76 சென்ரிமீற்றர். பெட்டியின் ஆழம் கதவுகளோடு 72, கைபிடியையும் சேர்த்தால் இன்னும் கூட. கணக்குப்படி மட்டுமட்டாகப் போகும் போலத் தெரிந்தாலும் நிலைக்கும் பெட்டிக்கும் நடுவே கை நுழைய இடமில்லை. கொண்டுவந்த பொடியன்கள் பெட்டியைச் சரித்துத் தூக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை. கடைசியில் குசினிக் கதவைக் கீலோடு கழற்றி, பிரிட்ஜின் இரண்டு கதவுகளையும் கழற்றித்தான் உள்ளே எடுத்தோம். மேலே கீல் மூடியின் திருகாணி, அந்த மூடிக்கு அடியில் கதவுக்குள் ஓடுகிற வயரின் இணைப்பு, இரண்டையும் பக்குவமாக எடுத்தால் கதவு தூக்க வரும். கதவில்லாமல் ஆழம் 61 சென்ரிமீற்றர்தான். கழற்றும்போது போனில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து வையுங்கள், திரும்பப் பூட்டுகிறபோது அந்தப் படங்கள்தான் எங்களுக்குக் கைகொடுத்தன. வழியில் பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே கரண்ட் கொடுக்க வேண்டாம், கம்பிரசர் எண்ணெய் திரும்பக் கீழே இறங்கும்வரை சில மணிநேரம் நிமிர்ந்தபடி நிற்கட்டும்.

சுவரோடு ஒட்டி நிறுத்தவும் வேண்டாம். பக்கத்துக்கும் பின்னுக்கும் இரண்டு இரண்டு அங்குலம் விட்டிருக்கிறோம், பெட்டியோடு வந்த கையேட்டில் எவ்வளவு என்று இருக்கும். மூலையில் வைப்பதென்றால் கதவு 90 பாகைக்கு மேலே திறக்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் மரக்கறி இழுப்பறையை வெளியே எடுக்கவே முடியாது. பிளக்குக்குத் தனி 13 அம்பியர் பொயின்ட், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொண்டோம். மல்டி பிளக்கில் மட்டும் சொருகாதீர்கள். பின்னேரத்தில் வோல்ட்டேஜ் இறங்குகிற வீதி எங்களுடையது, அதனால் கரண்ட் வந்து சில நிமிடம் பொறுத்துத் தொடங்குகிற பிரிட்ஜ் கார்ட் ஒன்றும் போட்டோம். கம்பிரசரை ஓட்டுகிற இன்வெர்ட்டர் போர்ட் எரிந்தால் வருகிற செலவோடு பார்த்தால் கார்டின் விலை பெரிதே இல்லை.

இனித்தான் முக்கியமான விஷயம். அந்த வருடம் கார்த்திகையில் மழை தொடங்கி இரண்டாம் கிழமை, பால் திரைந்துபோனது. திரையில் பிரிட்ஜ் பக்கம் 3 பாகை என்று வைத்திருந்தோம், கையை உள்ளே விட்டால் குளிரே இல்லை, மாமியின் இன்சுலினைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. பிரீசரில் மீன் கல்லாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் பிரீசர் தரையில் கண்ணாடி போல ஒரு பனித்தகடு. சேவைக்கு வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு காஸ் போய்விட்டது, திரும்ப அடிக்க வேண்டும், அது உத்தரவாதத்தில் வராது என்றார். பிரீசரில் மீன் கல்லாக இருக்கும்போது காஸ் எப்படிப் போயிருக்கும்? இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் குளிர்ச் சுருள் ஒன்றுதான், அது பிரீசரின் பின்சுவருக்குப் பின்னால் இருக்கும், அங்கே உண்டாகிற குளிரைத்தான் ஒரு காற்றாடி நடுச்சுவரிலுள்ள வழியால் மற்றப் பக்கத்துக்குத் தள்ளுகிறது. காஸ் முழுக்கப் போயிருந்தால் பிரீசரும் இளகியிருக்கும். அவரை அனுப்பிவிட்டு, எங்கள் பக்கத்து வீதியில் ஏசி வேலை செய்கிற தம்பி ஒருவரைக் கூப்பிட்டோம்.

அவர் பெட்டியில் எதையும் கழற்றவே இல்லை. முதலில் வலப்பக்கக் கதவைப் பாதி திறந்து கையை விட்டார். கதவு தானாக மூடவில்லை, மெல்ல இன்னும் திறந்தது. "அக்கா, பெட்டி முன்பக்கம் குனிந்து நிற்குது" என்றார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் உண்மைதான். எங்கள் குசினிகளில் கழுவி ஊற்றினால் தண்ணீர் ஓடட்டும் என்று வாசல் பக்கம் வாட்டம் விட்டுத்தான் தரை போடுவார்கள், அந்த வாட்டத்தில் பெட்டி முன்னே சரிந்திருக்கிறது. பிள்ளைகள் திறந்துவிட்டு விட்ட கதவு ஒரு நூல் இடைவெளியில் நின்றிருக்கிறது. வாடைக்காற்றின் ஈரம் முழுக்க உள்ளே போய்ச் சுருளில் பனியாகக் கட்டி, காற்று போகிற வழியை அடைத்துவிட்டது. பனியை உருக்க உள்ளே ஹீட்டர் இருக்கிறது, ஆனால் அவ்வளவு ஈரத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை, உருகின தண்ணீரும் வடிகிற துளையிலேயே உறைந்து திரும்பிப் பிரீசர் தரைக்கு வந்துவிட்டது. ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கதவு ரப்பரில் வைத்து மூடி இழுத்துக் காட்டினார். மேலே இறுக்கமாக நின்ற தாள் கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது.

மீனையும் இன்சுலினையும் அயலில் கொடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் விரியத் திறந்து ஒரு முழு நாள் விட்டோம். அடியில் பழைய துவாய்களை விரித்து இரண்டு வாளி தண்ணீர் பிழிந்தேன். பனியைக் கத்தியால் சுரண்ட வேண்டாம் என்று அந்தத் தம்பி திரும்பத் திரும்பச் சொன்னார், எங்களுடையதில் இருப்பது ஆர்600ஏ, தீப்பற்றக்கூடிய காஸ், குழாயில் ஒரு ஓட்டை விழுந்தால் பெட்டியும் போய்விடும், ஆபத்தும் கூட. ரப்பரின் கீழ் மூலையைச் சுடுதண்ணீர்த் துணியால் ஒற்றி இளக்கி, விரலால் வடிவாக நீவிவிட்டோம். அப்புறம் முன்கால்கள் இரண்டையும் திருகி உயர்த்தினார், கதவைப் பாதி திறந்து விட்டால் தானாகப் போய் மூடுகிற அளவுக்கு. இரண்டு கதவும் மேலே ஒரே மட்டத்தில் வராதபோது தாழ்ந்த பக்கத்துக் காலை மட்டும் இன்னும் ஒரு சுற்றுத் திருகினார். அவ்வளவுதான், ஒரு பொருளும் மாற்றவில்லை. திரும்பக் குளிர்ந்து -18க்கு வர ஒரு நாள் எடுத்தது. இந்த மாரியில் ஒரு சொட்டுப் பனியும் இல்லை.

பழுது என்று நினைத்துப் பயந்த சில விஷயங்கள் பழுதல்ல. இரண்டு பக்கச் சுவரும் கைவைத்தால் சுடும், சூட்டை வெளியே விடுகிற குழாய் அதற்குள்தான் ஓடுகிறது. இரவில் டக் என்று ஒரு சத்தம், உள் பிளாஸ்டிக் குளிரில் சுருங்குவது. மழை நாட்களில் வெளிக்கதவில் வியர்ப்பதைத் துடைத்துவிட்டால் சரி. ஆனால் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கீல்களையும் பின்தகட்டையும் கவனியுங்கள், உப்புக்காற்றுக்கு எங்கள் மேல் கீலில் ஒரு வருடத்துக்குள் துரு கண்டுவிட்டது, மாதத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுகிறேன்.

இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வரை வேண்டும், உறைந்தால் அது உதவாது. ஆகவே குளிர்காற்று வருகிற துளைக்கு நேரே வைக்காமல், நடுத்தட்டில் ஒரு சின்னத் தெர்மோமீற்றரோடு வைத்திருக்கிறேன். திரையில் காட்டுகிற எண்ணை மட்டும் நம்புவதை அந்தக் கார்த்திகையோடு விட்டுவிட்டேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் கரண்ட் போன அன்று கதவுகளைத் திறக்கவே விடவில்லை. பின்னேரம் கரண்ட் வந்தபோது பிரீசர் நிறைய இருந்த மீன் ஒன்றும் இளகவில்லை.

வாங்கலாமா என்று கேட்டால், மரக்கறி, பால், சமைத்த சாப்பாடு என்று நிறைய வைக்கிற பெரிய குடும்பத்துக்குத் தாராளமாக வாங்கலாம். முழு மீனாக மொத்தத்தில் வாங்கி வைக்கிறவர்கள் இதே காசுக்கு அளவான இரண்டு கதவு பிரிட்ஜும் ஒரு சின்னப் பெட்டிப் பிரீசரும் எடுப்பதுதான் புத்தி. அடிக்கடி வீடு மாறுகிற வாடகைக்காரரும் இதில் கைவைக்க வேண்டாம். நிலாவெளியில் இருக்கிற என் மச்சாள் போன கிழமை இதே பெட்டியைப் பார்த்துவிட்டு விலை கேட்டாள். நான் விலை சொல்லவில்லை, முதலில் குசினி வாசலை நிலைக்கு நிலை அளந்து, தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு இரவைக்குக் கோல் எடு என்றேன். இரண்டடி நாலங்குலம், தரை வாட்டம் கிணற்றுப் பக்கம் என்றாள். கதவைக் கழற்றினால் போகும், முன்கால்கள் கிணற்றுப் பக்கம் பார்த்து நின்றால் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் திருக வேண்டியிருக்கும்.