3018 சிஎன்சி ராவுட்டர்: செதுக்கல் அருமை, பாதியில் அறுந்துபோகும் யூஎஸ்பிதான் தீராத தொல்லை

தண்டையார்பேட்டையில் பெயர்ப்பலகை செய்து கொடுக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, 3018 விலை நல்லா இறங்கியிருக்கு, வாங்கிப் போட்டுடலாமா?” ஆம், இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியாததால் விரிவாகவே எழுதுகிறேன். 3018 என்பது கம்ப்யூட்டர் சொல்படி பிட்டை நகர்த்தி மரத்திலும் அக்ரிலிக்கிலும் செதுக்கும் சிறிய மெஷின். 300 × 180 மி.மீ. படுக்கை, 775 மோட்டார், பிட்டைக் கவ்வும் ஈஆர்11 காலெட், கன்ட்ரோலரில் ஓடும் ஜிஆர்பிஎல் 1.1 சாஃப்ட்வேர் எல்லாம் விற்கிற பக்கத்திலேயே போட்டிருக்கும். பெட்டியைப் பிரித்த முதல் வாரத்தில் தெரியாத விஷயங்களை மட்டும் பேசலாம்.

பெரிய தொல்லை ஒன்றே ஒன்றுதான். வேலை பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். திரையில் போர்ட் மூடிக்கொள்ளும். கன்ட்ரோலர் தன் நினைவில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பதினைந்து பதினாறு நகர்வுகளை முடித்துவிட்டு அப்படியே நிற்கும். ஆனால் ஸ்பிண்டில், அதாவது பிட்டைச் சுற்றும் மோட்டார், நிற்காது, ஏனென்றால் அதை நிறுத்தச் சொல்லும் கட்டளை வந்து சேரவே இல்லை. பிட் ஒரே இடத்தில் மரத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) கருகிப் புகையும். தூசு குவிந்து கிடக்கும் இடத்தில் அது தீயாகவும் மாறலாம். கேட்ட தம்பிக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: மெஷினை ஓடவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். 24 வோல்ட் லைனில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு எமர்ஜென்சி ஸ்விட்ச் போடாமல் முதல் வேலையைக்கூடத் தொடங்காதீர்கள்.

விற்பவரிடம் கேட்டால் டிரைவரை மாற்று, விண்டோஸை மாற்று, வேறு சாஃப்ட்வேர் போடு என்பார்கள். லேப்டாப்பில் யூஎஸ்பி சஸ்பெண்ட் (போர்ட்டைத் தூங்கவைக்கும்) அமைப்பை அணைத்து வைப்பது நல்லதுதான், அதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் கோளாறின் வேர் அங்கே இல்லை. 775 பிரஷ் வைத்த மோட்டார். கம்யூட்டேட்டரில் (சுழலும் செம்பு வளையத்தில்) பிரஷ் உரசும்போது பொறி பறக்கும். அந்தப் பொறியின் மின் இரைச்சல் மோட்டார் வயர் வழியாக போர்டுக்கும், பக்கத்தில் ஓடும் யூஎஸ்பி கேபிளுக்கும் ஏறுகிறது. யூஎஸ்பி சிப் அதைத் தாங்காமல் விழுந்து எழுகிறது.

இதை உறுதி செய்ய மூன்று சோதனை போதும். முதலில் மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு அதே ஃபைலைக் காற்றில் ஓட்டுங்கள். முழுதாக முடிந்தால் சாஃப்ட்வேர் நிரபராதி. பிறகு மோட்டாரை இணைத்து, பிட் மரத்தைத் தொடாமல் ஓட்டுங்கள். இப்போது அறுந்தால் மோட்டார் இரைச்சல்தான் காரணம். கடைசியில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் வைத்து, மரத்தில் ஓட்டுங்கள். சார்ஜரை எடுத்ததும் கோளாறு நின்றால் எர்த்தில்தான் பிரச்சினை.

நின்றுபோகும் எல்லாமே ஒரே நோயும் இல்லை. வேலைக்கு நடுவே ஜிஆர்பிஎல் தன் வரவேற்பு வரியை மறுபடி அச்சிட்டால் போர்டு ரீசெட் ஆகியிருக்கிறது; 24 வோல்ட் சப்ளையைப் பாருங்கள். லிமிட் ஸ்விட்ச் (ஓரத்தில் முட்டியதும் நிறுத்தும் ஸ்விட்ச்) பூட்டிய மெஷின் எதிலும் முட்டாமலே அலாரம் 1 காட்டினால் ஸ்விட்ச் வயரில் இரைச்சல். போர்டில் ஸ்விட்ச் சேரும் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் போட்டால் தீரும். தொடர்பு அறாமலே எழுத்து நகர்ந்து விழுந்தால் அது நகர்த்தும் மோட்டார் ஸ்டெப் தவறுவது. மோட்டாரைத் திருகுத் தண்டோடு இணைக்கும் கப்ளரின் கிரப் ஸ்க்ரூவில் தொடங்கித் தேடுங்கள்.

இனி எர்த். வட சென்னைக்காரர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். பெட்டியோடு வரும் பவர் கார்டில் பெரும்பாலும் நம் ஊர் பிளக் இருக்காது. கூடவே ஒரு கன்வெர்ட்டர் பின் போட்டுத் தருவார்கள். அதில் இரண்டு பின்தான், எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. எர்த் இல்லாத அடாப்டரின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக மெயின்ஸில் ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜ், அதாவது 115 வோல்ட் அளவுக்கு, வெளியீட்டுப் பக்கத்தில் மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் ஆளை அடிக்காது. உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று ஏறும், டெஸ்டர் மங்கலாக எரியும். அந்தக் கசிவுக்கு பூமிக்குப் போக ஒரே வழி யூஎஸ்பி கேபிளும் உங்கள் லேப்டாப்பும்தான்.

அடாப்டரில் மூன்று பின் குழி இருந்தால் கம்ப்யூட்டருக்குப் போடும் சாதாரண மூன்று பின் கார்டு ஒன்று வாங்கிச் செருகுங்கள். அதற்கு முன் சுவரில் இருக்கும் சாக்கெட்டுக்கு எர்த் வருகிறதா என்று பாருங்கள். மண்ணடி, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய கட்டடங்களில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. வயர் இருந்தாலும், புதைத்த ஜிஐ பைப் உப்பு மண்ணில் அரித்துப் போயிருக்கலாம். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளந்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். ஃபேஸ்-எர்த் அளவு 230-ஐ விட்டு வெகுவாகக் கீழே இறங்கித் தள்ளாடினால் எர்த் இல்லை என்று பொருள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் மெஷின் முழுக்க ஃபேஸ் ஏறும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முறையாக எர்த் போடுங்கள்.

சாக்கெட்டில் எர்த் வந்தாலும் மெஷின் உடம்புக்குத் தானாக வந்துவிடாது. அலுமினியம் எக்ஸ்ட்ரூஷனில் அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு ஓரத்தில் அரத்தால் தேய்த்து, பல் வாஷர் வைத்து, லக்கோடு வயரை இறுக்குங்கள். ஸ்பிண்டிலைப் பிடிக்கும் பாகம் பிளாஸ்டிக் என்பதால் மோட்டார் உடம்பு தனித்தீவாக நிற்கும். அதற்குத் தனி வயர்.

அடுத்து கெப்பாசிட்டர். 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், மேலே 104 என்று அச்சிட்டிருக்கும், 100 வோல்ட் தாங்குவதாக மூன்று. ஒன்று மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே, மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடம்புக்கு. உடம்பில் பற்றவைக்கும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்துவிட்டு 60 வாட் அயர்னால் வையுங்கள். 25 வாட் அயர்னின் சூட்டை அந்த இரும்பு குடித்துவிடும், ஈயம் உருண்டு விழும். பெரிதாகப் போட்டால் இன்னும் நல்லது என்று 10 மைக்ரோஃபாரட் வைக்காதீர்கள். வேகத்தை பிடபிள்யூஎம் (மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும்) துடிப்பால் கட்டுப்படுத்துவதால் ஒவ்வொரு துடிப்பிலும் போர்டில் ஸ்விட்ச் வேலை செய்யும் மாஸ்ஃபெட் அதை நிரப்பி நிரப்பிச் சூடாகும்.

மோட்டாரின் இரண்டு வயரையும் நன்றாக முறுக்கி ஒரு பக்கமாகவும், யூஎஸ்பி கேபிளை எதிர்ப்பக்கமாகவும் கொண்டு போங்கள். கேபிள் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், இரு முனையிலும் இரைச்சலை உறிஞ்சும் ஃபெரைட் கிளிப் மாட்டுங்கள். இவை எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே கடையில் கிடைக்கும். இத்தனைக்குப் பிறகும் அறுந்தால் மின் இணைப்பைப் பிரித்து டேட்டாவை மட்டும் கடத்தும் யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்று வாங்குங்கள். ஏடியூஎம்3160 சிப் வைத்தது போதும். இந்த போர்டுகளில் வரும் சிஎச்340 யூஎஸ்பி சிப் அதன் 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் கேட்பதில்லை. எஸ்டி கார்டு போடும் ஆஃப்லைன் கன்ட்ரோலர் வாங்கினால் லேப்டாப்பே தேவையில்லை, அதுவும் நல்ல வழி.

நீண்ட நாள் பயன்படுத்தினால்தான் தெரியும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்தபின் மெஷின் பல மாதம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒருநாள் மறுபடி தொடர்பு அறத் தொடங்கும். எர்த்தைத் தோண்டாதீர்கள், மோட்டாரின் காற்றுத் துவாரம் வழியாகப் பாருங்கள். பிரஷ் தேயத் தேயப் பொறி பெரிதாகிறது, இரைச்சலும் கூடுகிறது. இந்த 775 மோட்டார்களில் பொதுவாக பிரஷை மட்டும் மாற்ற முடியாது, மோட்டாரையே மாற்ற வேண்டும். ஷாஃப்ட் 5 மி.மீ., காலெட் பிடியைப் பழையதிலிருந்து சூடாக்கி இழுக்க வேண்டியிருக்கும். புது மோட்டாருக்கும் மூன்று கெப்பாசிட்டர் வைக்க மறந்துவிடக் கூடாது.

அறுந்த வேலையை மீட்கவும் முடியும். போர்ட்டை மறுபடி திறந்ததும் போர்டு ரீசெட் ஆகி, நிற்கும் இடத்தையே மெஷினின் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதனால் தொடங்கும் முன்பே, பூஜ்யப் புள்ளியில் வேஸ்ட் பகுதியாகப் பார்த்து, வி-பிட்டால் (கூம்பு நுனி பிட்) 0.3 மி.மீ. ஆழத்தில் ஒரு புள்ளி குத்தி வையுங்கள். அறுந்தால் பிட் நுனியை அந்தப் புள்ளியில் கொண்டுவந்து எக்ஸ், ஒய் இரண்டையும், பக்கத்து மேற்பரப்பில் தொடவைத்து இசட்டையும் மறுபடி பூஜ்யமாக்கலாம். அனுப்பிய வரி வெட்டிய வரியைவிட முன்னால் ஓடியிருக்கும், ஆகவே இருபது முப்பது வரி பின்னால் போய், அதற்கு முந்தைய வரிகளை ஃபைலிலிருந்து நீக்குங்கள். ஃபைலின் தலையில் ஜி21 (மி.மீ. அளவு), ஜி90 (பூஜ்யத்திலிருந்து கணக்கு), எம்3 எஸ்1000 (ஸ்பிண்டிலை ஓட்டு), ஜி0 இசட்5 (பிட்டை 5 மி.மீ. உயரத்துக்குத் தூக்கு) வரிகளைச் சேர்த்து, அந்த வரியின் எக்ஸ்-ஒய்க்குப் போய், பிறகுதான் இறக்க வேண்டும். லிமிட் ஸ்விட்ச் பூட்டி ஹோமிங் (ஸ்விட்சைத் தொட்டு ஆரம்ப இடத்தைக் கண்டுபிடிப்பது) வைத்தவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. ஜி54 ஆஃப்செட், அதாவது வேலையின் பூஜ்யப் புள்ளி, போர்டின் நினைவில் அழியாமல் இருக்கும்.

மின்வெட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் யூபிஎஸ் போதும். 24 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் அதிகம் போனால் 120 வாட் தரும். வேலையை நிறுத்தி இசட்டைத் தூக்கும் அளவுக்கு நேரம் கிடைக்கும்.

கடல் காற்றைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் ராடுகளில் சில வாரத்திலேயே பழுப்புப் புள்ளி வரும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு ராடைத் துடையுங்கள். திருகுத் தண்டான லீட் ஸ்க்ரூவுக்கு எண்ணெய் வேண்டாம், எம்டிஎஃப் தூசோடு சேர்ந்து களிம்பாகி நட்டைத் தின்னும். உலர்ந்த பிடிஎஃப்இ ஸ்பிரே அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலைக்கு அடியில் போடும் வேஸ்ட்போர்டு ஊதி வளையும். மழை விட்டதும் மேற்பரப்பை ஒருமுறை சீவி எடுக்காமல் பிசிபி (சர்க்யூட் போர்டு) வெட்டும் பக்கம் போகாதீர்கள். அங்கே வெட்டும் ஆழமே 0.1 மி.மீ.க்குள்தான், ஹைட் மேப் (மேடுபள்ள அளவு) எடுத்தாலும் வளைந்த பலகை ஏமாற்றும்.

இத்தனை சொன்னபிறகும் இந்த மெஷின் செய்யும் வேலையைப் பார்த்தால் மனம் இளகத்தான் செய்கிறது. அதுவும் தமிழ் எழுத்து! ‘ழ’வின் வால் வளைவும் ‘ண’வின் சுழியும் 60 டிகிரி வி-பிட்டில் கூர்மையாக, ஆழம் மெல்ல மாறி மாறி இறங்கும்போது கையால் கொத்திய எழுத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம். பல கேம் (CAM, வெட்டும் பாதை போடும்) மென்பொருள்களின் டெக்ஸ்ட் கருவியில் தமிழை அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். இங்க்ஸ்கேப்பில் அடித்து, பாத்தாக (கோட்டு வடிவமாக) மாற்றி, யூனியன் கொடுத்து ஒன்றாக்கி, எஸ்விஜியாகக் கொண்டுவாருங்கள். யூனியன் விட்டுப்போனால் எழுத்துப் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் உள்வெளி தலைகீழாகும். எம்டிஎஃப்பில் 3.175 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 500 மி.மீ., ஒரு பாஸுக்கு (ஒருமுறை ஓட்டத்துக்கு) 0.5 முதல் 1 மி.மீ. வரை இறக்கலாம். அக்ரிலிக் என்றால் காஸ்ட் ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள், ஒற்றைப் பல் பிட், 0.3 மி.மீ. பாஸ். எக்ஸ்ட்ரூடட் ஷீட் உருகி பிட்டில் ஒட்டிக்கொள்ளும்.

நியாயமாகப் பார்த்தால் இந்த விலைக்கு இந்தத் துல்லியம் வேறு எதிலும் இல்லை. ஆனாலும் தம்பி, விலைக்கு ஆசைப்பட்டு இதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லி வேலை வாங்குகிறவர். நாலு மணி நேரம் செதுக்கிய தேக்குப் பலகை கடைசி எழுத்தில் கருகி நின்றால் மரக்காசு உங்கள் பையிலிருந்து போகும். மூன்று கெப்பாசிட்டர், ஒரு எர்த் வயர், நம் ஊர் பிளக் வைத்த ஒரு கார்டு: சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் இவ்வளவையும் வைக்காமல் பெட்டியை மூடி விற்பது எனக்கு ஆறவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதற்கு மேல் இன்று தர மாட்டேன். கையில் இருப்பதை விற்றுவிடுவீர்களா என்றால், மாட்டேன்.

வாங்குவது என்றே முடிவு செய்துவிட்டால் பிரஷ் இல்லாத ஸ்பிண்டிலும் லிமிட் ஸ்விட்சும் முதலிலேயே பூட்டி வரும் மாடலுக்குக் காசு சேருங்கள். 3018-ஏதான் என்றால், மெஷினோடு சேர்த்து ஒரு உபரி 775 மோட்டாரையும் ஆர்டர் போட்டுவிடுங்கள்.